மஞ்சள் இல்லாத கார்டு

நான்கு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். பத்து மணிக்கு என் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பரிசு கொடுக்க ஏதாவது வேண்டுமே என்று, என் வீட்டுக்காரர் 'டபுள்', ஏற்கெனவே இருப்பது என்று கழித்துப்போட்ட பேஸ்பால் கார்டுக் கட்டைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேஸ்பாலா என்று புருவத்தைத் தூக்குகிறீர்களா? பழைய வாசகர்களுக்கு இந்தக் கூத்து தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் காளிராஜ், சிவகாசிக்காரர். மீசை முளைக்கும் முன்பே ஆஃப்செட் அச்சகத்துக்குள் நுழைந்தவர். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் சவுதியில், அல் கோபாரில் இருக்கிறோம். அவருக்கு டூட்டி தம்மாம் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் – பேரீச்சம்பழ டப்பாவும் பிஸ்கட் அட்டையும் அச்சடிக்கிற ஒரு கம்பெனி. குவாலிட்டி கன்ட்ரோல் வேலை. மெஷினிலிருந்து வருகிற ஆரம்பத் தாளைப் பார்த்து, நிறம் சரி, எழுத்து சரி, எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டு ஸ்டாம்ப் அடித்தால்தான் மிச்சத் தாள்கள் ஓடும். அந்தத் தாளுக்கு 'ஓகே ஷீட்' என்று பெயர்.

கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. பேஸ்பாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் எங்கள் பெட்ரூம் அலமாரியில் பாதி இடத்தை பேஸ்பால் கார்டுகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் சேலைகள் மிச்சப் பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன.

எப்படி வந்தது இந்த வியாதி? பன்னிரண்டு வருடத்துக்கு முன், பக்கத்துக் காம்பவுண்டில் ஒரு அமெரிக்கக் குடும்பம் ஊருக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றார்கள். நாங்கள் ஒரு டேபிள் லாம்ப் வாங்கினோம். லாம்போடு ஒரு ஷூ டப்பாவைச் சும்மா கொடுத்தார்கள். உள்ளே முழுக்க கார்டு. தொப்பி போட்ட ஆட்கள் – மட்டையோடு, கையுறையோடு, சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் முறைத்துக்கொண்டு. குப்பையில் போடலாம் என்றேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“ஏ விஜி, இந்தாளு தொப்பியைப் பாரு. சிவப்பு அரை மில்லி தள்ளி உக்காந்திருக்கு.”

“யாருங்க இவரு?”

“யாருக்குத் தெரியும்? தொப்பியைப் பாருங்கிறேன்.”

அன்றைக்குப் பிடித்தது. பகல் முழுக்க அச்சுத் தப்பைத் தேடித் தேடிக் கழித்துக் குப்பையில் போடுகிற மனிதர், வீட்டுக்கு வந்து அதே அச்சுத் தப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்த ஆரம்பித்தார். ஆண்களைப் புரிந்துகொள்ள முயன்று ரொம்ப நாளாகிறது, இப்போது விட்டுவிட்டேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லாத் தப்பும் ஒன்றல்ல என்பார். ஒரு தாளின் மேல் தூசி விழுந்தால் அந்த ஒரு தாளில் மட்டும் புள்ளி வரும். அது வெறும் கழிவு. ஆனால் தப்பு அச்சுப் பிளேட்டிலேயே இருந்தால்? அந்தப் பிளேட் ஓடுகிறவரை ஒவ்வொரு தாளிலும், அதே இடத்தில், அதே தப்பு வரும். நடுவில் யாரோ ஒருவர் கவனித்து, மெஷினை நிறுத்தி, பிளேட்டைச் சரிசெய்து மறுபடி ஓட்டுவார். தப்பானதும் சரியானதும் இரண்டுமே கடைக்குப் போய்விடும். அதைத்தான் 'வேரியேஷன்' என்கிறார்கள். பெயருக்குப் பின்னால் புள்ளி உள்ள கார்டு, புள்ளி இல்லாத கார்டு. கட்டம் போட்டது, கட்டம் போடாதது. ஒரே ஆள், ஒரே படம்.

“வேரியேஷன் இருக்குன்னா என்ன அர்த்தம் தெரியுமா?” என்று ஒருமுறை கேட்டார். “மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் பாத்திருக்கான். அமெரிக்காவுல, என்னை மாதிரி ஒருத்தன். எல்லாரும் வீட்டுக்குப் போற நேரத்துல, நிறுத்துங்கடான்னு சொல்லியிருக்கான். எனக்கு இந்த ஆட்டக்காரங்களைத் தெரியாது விஜி. அந்த ஆளைத்தான் தெரியும்.”

அவர் அப்படிச் சொன்ன அன்றிலிருந்து, அலமாரியில் பாதி போனதைப் பற்றி நான் முணுமுணுப்பதைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை.

அவரிடம் ஒரு கார்டு உண்டு. ஒரு ஆள் கையுறையை நீட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறார். அடியில் ஒரு மஞ்சள் பட்டை, அதன் மேல் நீல எழுத்தில் பெயர். ஆளின் முழங்கை அந்தப் பட்டைக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதே ஆளின் மற்றக் கார்டுகளில் பட்டை முழுக்க மஞ்சள். இவரிடம் இருக்கும் ஒரே ஒரு கார்டில் மட்டும், பட்டையின் வலது பாதியில் மஞ்சள் இல்லை. சாய்வாக ஒரு கோடு கிழித்தது போல மஞ்சள் நின்றுபோய், அதற்கப்புறம் வெள்ளை.

அது பிளேட் தப்பு என்பது அவர் கட்சி. ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாதே? அதே இடத்தில், அதே சாய்வில் மஞ்சள் நின்றுபோன இன்னொரு கார்டு வேண்டும். இரண்டு கிடைத்தால் பிளேட். அந்த இரண்டாவதைத்தான் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். காம்பவுண்டுகளில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் அந்த வாசலில் நின்றார். இந்தத் தடவையும் ஒரு டப்பா வாங்கி வந்து, வெள்ளிக்கிழமை முழுக்க லென்ஸும் கையுமாக உட்கார்ந்து பிரித்தார். வைத்துக்கொள்ள வேண்டியதை வைத்துக்கொண்டு, “இதெல்லாம் டபுளு. உன் பிள்ளைகளுக்குக் குடுத்துரு” என்று ஒரு கட்டை என்னிடம் தந்தார்.

அந்தக் கட்டைத்தான் சனிக்கிழமை காலை நான் பிரித்தது. ஏழாவதோ எட்டாவதோ கார்டு. கையுறையை நீட்டிக்கொண்டு அதே ஆள். பட்டையில் வலது பாதி… வெள்ளை.

அலமாரியைத் திறந்து அவருடைய கார்டை உறையோடு எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதே சாய்வுக் கோடு. அதே இடம். “ஏங்க” என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அவர் அடுத்த அறையில், எங்களுக்கு வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

இந்தக் கார்டை அவர் பார்த்திருக்கிறார். நேற்று, பகல் வெளிச்சத்தில், லென்ஸ் வைத்து. பார்த்துவிட்டு, டபுள் என்று என்னிடம் கொடுத்திருக்கிறார். பதினோரு வருடமாகத் தேடிய ஒன்று கைக்குள் வந்திருக்கிறது, அவருக்கு அது தெரியவில்லை.

மஞ்சள் எது, வெள்ளை எது என்று தெரியவில்லை என்றால்?

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆறேழு மாதமாக அவர் கார் ஓட்டுவதில்லை. கூட வேலை பார்க்கிற சிவநேசன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார். 'பெட்ரோலை மிச்சம் பண்றோம்' என்றார், நம்பினேன். போன மாதம் என் எலுமிச்சை நிறச் சேலையைப் பார்த்து, “வெள்ளைச் சேலை எதுக்குக் கட்டுற?” என்றார், கோபித்துக்கொண்டேன். ஹாலில் ட்யூப் லைட் சரியில்லை என்று இரண்டு தடவை மாற்றச் சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது, இதே பத்தியில், இதே பக்கத்தில், 'ட்யூப் லைட் மாற்றும் கணவர்கள்' என்று நான் கிண்டல் செய்து எழுதினேன். நீங்களும் சிரித்து மெயில் போட்டீர்கள். அந்த வாரம் அவரும் அதைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் போன் போட்டு, வகுப்பு இல்லை என்றேன்.

பிறகு, பட்டை முழுக்க மஞ்சளாக இருக்கும் சாதாரணக் கார்டு ஒன்றையும், புதிதாகக் கிடைத்ததையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். “இது ரெண்டும் ஒண்ணுதானாங்க?” என்று நீட்டினேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஜன்னல் பக்கம் போனார். திருப்பினார், சாய்த்தார், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முன்பெல்லாம் ஒரு விநாடி போதும் அவருக்கு.

“ஒண்ணுதான்,” என்றார்.

உறை போட்ட அவருடைய பழைய கார்டையும் மேஜையிலிருந்து கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். உறையைத் தொட்டதுமே அது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இதை எதுக்கு எடுத்த?”

அவர் கையிலிருந்த மூன்றையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இதுல ஒண்ணுல… மஞ்சள் இல்லையா?”

“ஆமாங்க.”

“அதே சாய்வா?”

“அதே சாய்வு.”

அவர் முகம் மலர்ந்ததே, அதை எப்படி எழுதுவது. “பிளேட்டுதான். நான் சொன்னேன்ல, பிளேட்டுதான்னு,” என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார். தேய்க்கிற மேஜைமேல் மூன்று கார்டையும் வரிசையாக வைத்தார்.

“எனக்குத் தெரியல விஜி,” என்றார். “எது எதுன்னு எனக்குத் தெரியல.”

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

அன்று முழுவதும் பேசினோம். எட்டு மாதமாகவே மஞ்சள் போய்விட்டதாம். முதலில் இடது கண், அப்புறம் வலதிலும் கொஞ்சம். எல்லாவற்றின் மேலும் பட்டர் பேப்பர் போட்டு மூடியது போல இருக்கிறதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. வளைகுடாவில் இருக்கும் அத்தனை பேர் வீட்டிலும் அந்தப் பதில் தயாராக இருக்கிறது.

“லீவுல பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

பல் ஆடுகிறதா? கிராம்பை வை, லீவில் பார்த்துக்கலாம். முழங்கால் பிடிக்கிறதா? தைலத்தைத் தேய், லீவில் பார்த்துக்கலாம். நெஞ்சு கரிக்கிறது, காது அடைக்கிறது, கை மரத்துப்போகிறது – எல்லாம் லீவில். ஒரு வருடத்து வியாதியை மூட்டை கட்டிக்கொண்டு ஊரில் போய் இறங்குகிறோம். இறங்கியதும் என்ன நடக்கிறது? அவர் போன லீவில் கண்ணுக்கு என்று இரண்டு நாள் ஒதுக்கியிருந்தாராம். தங்கச்சி மகள் கல்யாணத்தில் ஒரு நாள் போயிற்று. இன்னொரு நாள் பட்டா மாற்ற தாலுகா ஆபீஸில் போயிற்று. கண் திரும்பவும் விமானம் ஏறி எங்களோடு இங்கேயே வந்துவிட்டது.

இங்கே டாக்டர் இல்லையா, இன்ஷூரன்ஸ் இல்லையா? இருக்கிறது. ஆனால் இங்கே போய்க் காட்டினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே. அதுதான் உள்ளே இருந்த பயம். நிறம் பார்க்கிறவனுக்கு நிறம் தெரியவில்லை என்றால் டூட்டி போகும். டூட்டி போனால் இக்காமா என்கிற தங்கும் அனுமதி போகும். இக்காமா போனால் எக்ஸிட்தான், ஊருக்கே திரும்ப வேண்டியதுதான். ஐம்பத்து நாலு வயதில் இன்னொரு கம்பெனி யார் எடுப்பார்கள்? கோவையில் மகள் மூன்றாம் வருடம் படிக்கிறாள். இதையெல்லாம் எட்டு மாதமாக அவர் ஒற்றை ஆளாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அப்ப எட்டு மாசமா எப்படிங்க கையெழுத்துப் போட்டீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சிவநேசன் பாத்துச் சொல்லுவான்.”

சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் குவாலிட்டி செக்ஷன்தான், இவருக்கு அடுத்த ஆள். அன்று மாலையே அவருக்குப் போன் போட்டேன்.

“அக்கா, அண்ணை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு கேட்டவர். மற்ற நிறமெல்லாம் அவருக்குத்தான் என்னைவிட நல்லாத் தெரியும். மஞ்சள் மட்டும்தானே, அதை நான் பாத்துச் சொல்லுறன் எண்டு சொன்னனான். ஒருநாளும் பிழை விடேல்ல நாங்கள்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தம்பி.”

“சொல்ல நினைச்சனான் அக்கா. ஆனா அண்ணை ஒவ்வொரு தாளிலயும் ஸ்டாம்ப் அடிக்க முன்னம் என்ர முகத்தைப் பாப்பார். அதைப் பாத்தாப் பிறகு எனக்கு வாய் வரேல்ல.”

ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்கு அனுப்பவில்லை. நேரே கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஹைதராபாத் அம்மா. இரண்டு கண்ணிலும் புரை, சர்க்கரை இருப்பதால் சீக்கிரமே வந்திருக்கிறது, பின்னால் நரம்பு இதுவரை நன்றாக இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று இந்தியில் சொன்னார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். லீவு என்று இவர் ஆரம்பித்தார். “அச்சா, லீவு,” என்று டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். எங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

இனி மறைக்க முடியாது. ஆபரேஷனுக்கு விடுப்பு வேண்டும், அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதீரைப் பார்க்கக் கிளம்பினார். முதீர் என்றால் மேனேஜர், ஜோர்டான்காரர், சத்தம் போடுகிறவர் என்று பெயர். நான் வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து ஹால்.

மதியத்துக்கு மேல் வந்தார். செருப்பைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தார்.

“சத்தம் போட்டாரா?”

“போடல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. 'காளி, லேஷ்? ஏன் எங்கிட்ட சொல்லல?'ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். என்னால நிமிந்து பாக்க முடியல.”

“என்ன சொன்னாரு?”

“போய்க் கண்ணைப் பாருன்னார். வந்ததும் கலர் டெஸ்ட் வைப்பாங்களாம். பாஸ் பண்ணிட்டா பழைய வேலை. இல்லைன்னா ஸ்டோர்ல நிக்கலாம், இக்காமா முடியிற வரைக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் கலாஸ், முடிஞ்சது.”

ஸ்டாம்ப்பை அன்றே ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்களாம். பதினாறு வருடமாக அவர் டிராயரில் இருந்த ஸ்டாம்ப். சிவநேசனிடம் கொடுத்தாராம். அந்தப் பிள்ளை வாங்கி, ஒரு துணியில் சுற்றி, தன் டிராயரில் தனியாக வைத்துவிட்டு, கம்பெனி தந்த வேறு ஸ்டாம்ப்பை எடுத்துக்கொண்டதாம். “இது உங்கட ஸ்டாம்ப் அண்ணை, நான் சும்மா வச்சிருக்கிறன்” என்றதாம். அவர் அழுவதற்குத் தோதாக நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்க, இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்க என்று இரண்டு வாரம் ஓடியது. இந்தப் பக்கம் இரண்டு வாரம் காலியாக வந்தது அதனால்தான். என்ன ஆயிற்று என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் 'சளி' என்று பதில் போட்டேன். மன்னிக்க வேண்டும், நானும் மறைத்தேன்.

அந்த இரண்டு வாரமும் அவருக்கு இருந்த ஒரே தெம்பு அந்தக் கார்டுதான். இரண்டு மஞ்சள் இல்லாத கார்டையும் ஒரே உறையில் போடச் சொன்னார். உறையின் மேல் ஒட்ட ஒரு லேபிளைத் தடவித் தடவித் தானே எழுதினார். 'கண்டுபிடித்தது: விஜி.' எழுத்து ஏறி இறங்கி இருந்தது. “பதினோரு வருஷமா நான் தேடினேன். இவ பரிசு எடுக்கப்போய்க் கண்டுபிடிச்சிட்டா,” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போதுகூட நர்ஸிடம் அதை இந்தியில் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, ஆல் தி பெஸ்ட் என்றாள்.

முதலில் இடது கண் மட்டும். வலதுக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும். மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சுவர், கதவு, டாக்டரம்மாவின் துப்பட்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “நல்லா இருக்கு” என்றார், அவ்வளவுதான். எவ்வளவு நல்லா என்று கேட்க எனக்குப் பயம். அவருக்கும் சொல்லப் பயம். கலர் டெஸ்ட் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் இரண்டு பேருமே எடுக்கவில்லை. சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, தலைக்குக் குளிக்கக் கூடாது – இப்படியே பத்து நாள் போனது.

நேற்று வெள்ளிக்கிழமை. டெஸ்ட் நாளை, ஞாயிற்றுக்கிழமை.

காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு, அவராகவே அலமாரியைத் திறந்தார். அந்த உறையை எடுத்தார். மேஜை விளக்கு வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நான் சட்னி அரைத்த ஜாரைக் கழுவிக்கொண்டே பார்த்தேன். இரண்டு கார்டையும் வெளியே எடுத்தார். லென்ஸை வைத்தார். முதல் கார்டு. இரண்டாவது கார்டு. மறுபடி முதல் கார்டு.

ஜார் கழுவி முடித்து, கழுவிய ஜாரையே திரும்பக் கழுவினேன்.

“விஜி, இங்க வா.”

போனேன்.

“தப்பா நெனச்சுக்காத.” அவர் முகத்தில் ஒரு சங்கடம். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதைப் பெண் வீட்டில் வந்து சொல்கிறவர் முகம். “இது ரெண்டும் ஒண்ணு இல்ல.”

எனக்குப் புரியவில்லை.

“முழங்கையைப் பாரு. என் கார்டுல, மஞ்சள் இல்லாத எடத்துல முழங்கை நல்ல ரோஸா இருக்கு. மஞ்சள் மட்டும்தான் விழல, ரோஸ் முழுசா விழுந்திருக்கு. பிளேட்டுத் தப்புன்னா இப்படித்தான், கலருக்கு ஒரு பிளேட்டுங்கிறதால ஒரு கலர் மட்டும் போகும். இப்ப நீ எடுத்ததைப் பாரு. முழங்கை வெளிறிப்போய்க் கெடக்கு. மஞ்சளும் ரோஸும் சேந்து போயிருக்கு. இது வெயிலு. யாரோ ஜன்னல்கிட்ட போட்டு வச்சிருக்காங்க. மேல இன்னொரு கார்டு சாஞ்சு கெடந்திருக்கு, அது மறைச்ச எடத்துல மட்டும் மஞ்சள் தப்பிச்சிருக்கு. அந்தச் சாய்வு அப்படி வந்ததுதான்.”

குனிந்து பார்த்தேன். நான் பட்டையைத்தான் பார்த்திருந்தேன், முழங்கையை யார் பார்த்தது? அவர் சொன்ன பிறகும் கண்ணை இடுக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கித்தான் தெரிந்தது. ஒரு முழங்கையில் இளம் ரோஸ். இன்னொன்றில் அதுவும் இல்லை. தலைமுடி அளவு வித்தியாசம்.

அவருக்கு அது ஜன்னலோரத்தில் உட்கார்ந்த மாத்திரத்தில் தெரிந்திருக்கிறது. ஒரே கண்ணால்.

“அப்ப டபுள் கட்டுல போட்டது…”

“சரிதான். கண்ணு தெரியாமலே சரியாத்தான் பிரிச்சிருக்கேன்.” சிரிக்க ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “அழாத விஜி. இன்னொண்ணு எங்கயாவது கெடைக்கும். நீ ஆசையாக் கண்டுபிடிச்சதுதான், ஆனா தப்பைச் சரின்னு எப்படிச் சொல்றது? லேபிளைக் கிழிச்சிரட்டுமா?”

இந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது? கல்யாணமான நாளிலிருந்து என் குழம்பில், என் கோலத்தில், என் பத்தியில் என்று எத்தனையோ தப்பு கண்டுபிடித்திருக்கிறார்; தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்பதற்காகவே நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது, நேற்று ஒரு நாள்தான்.